பச்சை அட்டையிலிருந்து ஆரம்பியுங்கள்

பழைய இசைத்தட்டு விற்கிற தொழிலில் தட்டை விற்பது சுலபம், "எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்வதுதான் உயிரை வாங்கும்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. முன்பாதியில் டீ, காபி, ஆம்லெட், லூர்து அக்கா சுடுகிற ரொட்டி. பின்பாதியில் இசைத்தட்டுகள், பெரும்பாலும் ஜாஸ். பழனி அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகளுக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கேட்காத ஆளே இல்லை. இந்த ஊரில் வெளிநாட்டு ஆசிரியர்கள் வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு நான் குக்கர் வாங்கப் போனேன். என் கண் முன்னாலேயே வேறொருத்தி குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் இருந்தது ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டும், அதைச் சுழற்றுகிற மெஷினும். வந்த கோபத்தில் அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெட்டிக்குள்தான் அவர் இருந்தார். சாக்ஸபோன் வாசிக்கிறவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருடைய ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் கடையில் அவருக்குப் 'பெரியவர்' என்று பெயர். போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. ஆனால் தட்டு சுழலும்போது அவர் மூச்சு வாங்குவது காதில் விழும்.

அவருடைய தட்டுகளில் மூன்றுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். பச்சை அட்டை போட்டது, மெதுவான பாட்டுகள், பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி. சிவப்பு அட்டை, ஒரே ஓட்டம், விரல் எங்கே போகிறது என்று நமக்கே மூச்சு வாங்கும். வெள்ளை அட்டை, கடைசிக் காலத்தில் வாசித்தது. அதில் பெரியவர் அலறுவார். தெரியாமல் முதலில் அதைக் கேட்டவர்கள் ஆயுசுக்கும் ஜாஸ் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆகவே என் கடையில் ஒரு சட்டம்: அவர் வாசித்த வரிசைப்படியே பச்சை, பிறகு சிவப்பு, ரொம்ப நாள் கழித்து வெள்ளை. புதிதாக வருகிறவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, பச்சையில் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டால்தான் தட்டு கொடுப்பேன்.

இந்தச் சட்டத்துக்குத்தான் சோதனை வந்தது. கட்டடம் முத்துக்காளை அண்ணனுடையது. மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். ஏப்ரல் மாதம் ஒரு நாள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "தங்கச்சி, உங் கடையில என்னமோ ஊதிக்கிட்டே கெடக்குன்னு ஊருல ஆளாளுக்குக் கேக்குறாய்ங்க. ஹோம்மேட் சாக்லேட்டுக்காரரு ஒருத்தர் இடம் கேட்டு நடையா நடக்குறாரு. நான் அவசரப்படல. சீசன் முடியட்டும். ஒரு நா வந்து உக்காந்து கேக்குறேன். எனக்குப் பிடிபட்டுச்சுன்னா நீ இரு. பிடிபடலைன்னா மனசுல வச்சுக்காத."

இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் சாக்லேட் கடை மேல்தான் விழ வேண்டும். அது போதாதென்று இன்னொன்று! அன்றிலிருந்து கடைக்குள் நுழைந்த ஒவ்வொருவரும் எனக்கு ஒத்திகை. எப்படிப் போட்டால் முத்துக்காளை அண்ணனுக்குப் பிடிபடும் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் படித்தேன். உயிரைக் கொடுத்து ஒரு பொருளை நேசித்துவிட்டு அதையே விற்கவும் வேண்டியிருக்கிற சக பாவிகளே, நான் படித்த பாடங்களை நீங்களும் கேளுங்கள். வயிற்றெரிச்சலைப் பங்கு போட்டால் கொஞ்சம் குறையும் என்கிறார்கள்.

யாரும் கவனிக்காத இசை

ஏரிக்கு மேலே புதிதாக வந்த ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கைக்கொரு ஃபோன். சாக்ஸபோன் இசை வேண்டும் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். நாற்காலியில் உட்கார வைத்து, டீ கொடுத்து, பச்சையைப் போட்டேன். பெரியவர் மூச்சை இழுத்துப் பிடித்து, நமக்குப் பொறுமை போகிற நேரத்தில் முதல் வரியை மெல்ல விடுகிற இடம் ஒன்று உண்டு. சரியாக அந்த இடத்தில் மேனேஜர் ஃபோனில் "டவல் எண்ணியாச்சா?" என்றார். தட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் டவல் முடிந்து, பெட்ஷீட் முடிந்து, தலையணை உறைக்கு வந்துவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த ஆள் நடுநடுவே நம்மைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே, கெஸ்ட் சாப்பிடும்போது தொந்தரவாக இருக்குமே என்றார். கூப்பிடத்தானய்யா கூப்பிடுகிறார், நீ டவல் எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று வாய் வரை வந்தது. கடைக்காரிக்கு வாய் இருக்கலாம், அதில் வருகிறதையெல்லாம் வெளியே விடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"யாருமே கவனிக்காத மாதிரி ஒண்ணு குடுங்க மேடம், சத்தம் இருக்கணும், ஆனா யாருக்கும் கேக்கக் கூடாது."

அட்டைக்கு வந்தவர்கள்

மஞ்சுமூட்டம் இறங்கிய ஒரு மதியம் சென்னையிலிருந்து ஒரு இளம் ஜோடி. ஒரே மாதிரி குல்லாய். நேராக வெள்ளை அட்டையைத்தான் எடுத்தார்கள். அதில் பெரியவர் கண்ணை மூடி நிற்கிற படம் இருக்கும். அந்தப் பையன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு தானும் கண்ணை மூடினான். அந்தப் பெண் படம் எடுத்தாள். பிறகு அவள் அணைத்தாள், அவன் எடுத்தான். பிறகு பெரியவர் பக்கத்தில் எங்கள் பெரும்பாறைக் காபியை வைத்து எடுத்தார்கள். நான் பதறிப்போய், அது கடைசியாகக் கேட்க வேண்டியது, இப்படி வாங்க, பச்சையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கூப்பிட்டுப் பெரியவரின் வாழ்க்கையையே சுருக்கிச் சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். பேசுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

நான் சொல்லி முடித்ததும் அந்தப் பையன் அட்டைக்குள் கையை விட்டான். சற்று முன்னால்தான் அதே கையால் ஆம்லெட் தின்றிருந்தான். அந்த எண்ணெய்க் கட்டைவிரலைத் தட்டின் வரிகள் மேல் நன்றாக அழுத்திப் பிடித்து வெளியே எடுத்து, நாய்க்குட்டியை ஒப்படைக்கிற மாதிரி என் கையில் வைத்தான். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தட்டை நீங்களே வச்சுக்கங்க ஆன்ட்டி, எங்களுக்கு அட்டை மட்டும் தனியாக் கிடைக்குமா?"

ஆதியிலிருந்து வரவும்

எல்லாம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால் எனக்கு டவல் மேனேஜர்கூடத் தேவலாம் என்று தோன்றும்.

பாலசமுத்திரத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு கல்லூரிப் பெண். பஸ்ஸில் யாரோ ஒருவருடைய ஃபோன் அடித்தபோது அதில் சாக்ஸபோன் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அது யார், என்ன என்று விசாரித்து விசாரித்து என் கடையைக் கண்டுபிடித்து வந்திருந்தாள். இப்படி ஒரு ஆள் வருவதற்காகத்தானே கடையே வைத்திருக்கிறேன்! டீக்குச் சொல்லிவிட்டுப் பச்சையை எடுத்தேன். பக்கத்து மேஜையில் பெங்களூரிலிருந்து வருஷா வருஷம் வருகிற ஒரு ரசிகர் இருந்தார். நரைத்த முடியைக் குடுமி கட்டியிருப்பார். "நோ, நோ, அப்படி ஆரம்பிக்கவே கூடாது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பெரியவர் வேறொருவர் குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். அந்தக் குழுவின் தலைவரைத் தெரியாமல் பெரியவரைக் கேட்கக் கூடாதாம். பியானோக்காரர் எப்போது மாறினார், டிரம்ஸ்காரர் ஏன் போனார், எந்த அறையில் பதிவு செய்தார்கள், எந்த நாட்டில் அச்சடித்த தட்டு உயர்ந்தது. அந்தப் பெண் ஃபோனில் குறித்துக்கொண்டே வந்தாள். முதலில் வேகமாகக் குறித்தாள், அப்புறம் மெதுவாக, அப்புறம் கை நின்றுவிட்டது. ஒரு பாட்டாவது கேட்கட்டும் சார் என்றேன். "கேக்குறது அப்புறம், முதல்ல புரியணும்" என்றார். ஏன் ஐயா, தல புராணத்தை ஒப்பித்தால்தான் மலையேறலாம் என்று பழனி அடிவாரத்தில் யாராவது ஆள் நிறுத்தியிருக்கிறார்களா? அப்படி நிறுத்தினால் காவடி எடுத்து வருகிற ஜனத்தில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டோடு திரும்ப வேண்டியதுதான். முருகனுக்கே இல்லாத நிபந்தனை சாக்ஸபோனுக்கு எங்கிருந்து வந்தது?

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். பாதி டீ அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவளை நான் கடைப் பக்கம் பார்க்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. பையை மாட்டிக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி சொன்னாள்:

"பரவால்லைக்கா, நான் இதெல்லாம் படிச்சு முடிச்சுட்டு ஒரு நாள் வெள்ளனே வர்றேன்."

குளிரில் வாசித்தவர்

என் மெஷினில் தட்டைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். இந்த ஊர்க் குளிருக்கு இரவெல்லாம் விறைத்துப் போய்க் கிடக்கும். காலையில் தட்டில்லாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு, அது சூடு பிடித்த பிறகுதான் பாட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகச் சுற்றும். இது எனக்குத் தெரியும், லூர்து அக்காவுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் கோடை மழை கொட்டிக் குளிரெடுத்த ஒரு காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்ற கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, வெரசாப் போடுங்க என்று அவர் பறந்ததில் நானும் போட்டுவிட்டேன்.

அந்த மனிதர் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பஸ்ஸை விட்டுவிட்டார். எழுந்து எனக்குக் கும்பிடு போட்டுப் பச்சையில் இன்னொரு பிரதியை வாங்கிக்கொண்டு போனார். என் சட்டம் ஜெயித்துவிட்டது, முத்துக்காளை அண்ணனுக்கும் இதுதான் என்று நான் லூர்து அக்காவிடம் பீற்றிக்கொண்ட பீற்றல் கொஞ்சமில்லை. மறுநாள் ஃபோன் வருகிறது. வேறு தட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டேனாம். இதில் இருக்கிறவர் அவசரக் குடுக்கையாக வாசிக்கிறாராம். பெல்ட் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். நீங்கள் கேட்டு உருகியது பெரியவரை இல்லை, என் மெஷினின் குளிரை என்றேன். இப்போதுதான் சரியான வேகத்தில் கேட்கிறீர்கள் என்றேன். ஒத்துக்கொள்வாரா? பெரியவருக்கே வேகம் சொல்லித் தருகிறவர் மாதிரி என்னிடம் கத்தினார்.

"நீங்க என்ன வேணாச் சொல்லுங்க மேடம், கொடைக்கானல்ல வாசிச்ச மாதிரி இவரு கோயமுத்தூர்ல வாசிக்க மாட்டேங்குறாருங்க."

மதினி கேட்டது

பழனியிலிருந்து என் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. கூட்டத்தில் பஞ்சாமிர்தம் கட்டிக் கட்டி ஓய்ந்துபோன மதினியைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்துப் பச்சையைப் போட்டேன். பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டேன். அதுவும் முடிந்தது. மதினி கண்ணைத் திறக்கவில்லை. இப்படி ஒரு ஈடுபாட்டை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறவர், தன் வண்டிக்குள் பெரியவரை ஏற்ற மாட்டேன் என்று கல்யாணமான நாளிலிருந்து பிடிவாதமாக இருக்கிற மனிதர். அவரை ஃபோனில் கூப்பிட்டு, வந்து பாருங்க, என் குடும்பத்தில் ஒருத்திக்காவது ரசனை இருக்கிறது என்றேன். மதினி விழித்துச் சோம்பல் முறித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வருசமாச்சு ராணி, அந்தாளு நடுவுல எழுப்பிவிடவே இல்ல!"

லூர்து அக்காவின் யோசனை

சீசன் முடிகிற மாதிரி இருந்தது. ஏரிக்கரையில் குதிரைக்காரர்கள் வெறுமனே நிற்க ஆரம்பித்தார்கள். லூர்து அக்கா முன்பு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். இந்தக் கடையில் என்னோடு சேர்ந்து நாளெல்லாம் பெரியவரைக் கேட்பது அவர் ஒருவர்தான், வேறு வழியில்லாமல். இடம் போனால் எனக்குத் தட்டுகளாவது மிஞ்சும், அவருக்கு அடுப்பே போய்விடும். அதனால் எதைப் போடுவது என்று அவரையே கேட்டேன். பச்சை என்றால் ஒன்று டவல் எண்ணுகிறார்கள், இல்லை தூங்குகிறார்கள். முத்துக்காளை அண்ணன் நாற்காலியில் குறட்டை விட்டால் சாக்லேட்டுக்காரர் மறுநாளே போர்டு மாட்டிவிடுவார்.

லூர்து அக்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். இத்தனை காலம் கேட்டதில் பெரியவரைப் பற்றி ஏதோ ஒன்று பிடிபட்டிருக்கும், அதைச் சொல்லப் போகிறார் என்று நானும் ஆவலாகக் காத்திருந்தேன்.

"எதுனாலும் போடு ராணி, ஆனா எப்ப முடியும்னு மொதல்லயே சொல்லிரு, முடியுற நேரம் தெரிஞ்சுட்டா மனுசன் எதையும் தாங்கிருவான்."

மூட்டையின் அடி

ஒரு வெள்ளிக்கிழமை முத்துக்காளை அண்ணன் வந்தே விட்டார். ஸ்வெட்டருக்கு மேலே கழுத்தைச் சுற்றித் துண்டு, காலில் மேல்மலை மண். நான் காலையிலேயே மெஷினை ஓடவிட்டுச் சூடாக்கியிருந்தேன். பச்சைத் தட்டைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி ஆக்கியிருந்தேன். ஊசியை வைக்கப் போகும்போது, "இது என்னது?" என்று கேட்டார். இருக்கிறதிலேயே நல்லது அண்ணே, இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஏந் தங்கச்சி, பூண்டு மூட்டை வாங்குறப்ப மேல கெடக்குறதையா பாப்பாக? அது காட்டுறதுக்குன்னே அடுக்கி வச்சது. கையை அடிவரைக்கும் விட்டு, அங்க கெடக்குறதை எடுத்து நசுக்கிப் பாத்துத்தான வெல பேசுவோம். உம் மூட்டைக்கு அடியில என்ன கெடக்கு? அதைப் போடு."

நான் கெஞ்சினேன். வேண்டாம் அண்ணே, அது பழகினவங்களுக்கே ஆகாது என்றேன். பச்சையைக் கேட்டுவிட்டு அப்புறம் அதைக் கேளுங்கள் என்றேன். இசை என்ன பூண்டா என்று கோபமாகவே கேட்டுவிட்டேன். "ஒளிச்சு வைக்கிறன்னா சொத்தைன்னு அர்த்தம்" என்றார். அடுப்புப் பக்கத்திலிருந்து லூர்து அக்கா கையால் போடு, போடு என்று சாடை காட்டினார். வெள்ளையைப் போட்டேன். பெரியவர் எடுத்த எடுப்பிலேயே அலறினார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து எதிர்க்கடைக்குப் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் ஆம்லெட்டைக் கையில் பிடித்தபடியே வெளியேறியது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பெரியவர் மேலேயே கோபம் வந்தது. யோவ், இன்றைக்கு ஒரு நாளாவது கொஞ்சம் அடக்கி வாசித்தால் என்ன, என் கடை போகப் போகிறது!

முத்துக்காளை அண்ணன் முழங்கால் மேல் கையை ஊன்றியபடி கடைசி வரை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊசியைத் தூக்கினதும், இன்னொரு தடவை போடச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயிரத்தில் ஒருத்தருக்குக்கூட முதல் தடவையில் பிடிபடாதது இந்த மனிதருக்குப் பிடிபட்டுவிட்டதே என்று திரும்பப் போட்டேன். அவர் பையிலிருந்து ஃபோனை எடுத்து, ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இது ஆகும் தங்கச்சி, உருளைக்கெழங்குக் காட்டுல பன்னி பண்ற அட்டூழியம் தாங்க முடியல, இதைக் கேட்டா ஒண்ணுகூட நிக்காது."

பன்றிகளின் கையில்

மேல்மலையில் காட்டுப்பன்றி இறங்கி ஒரே இரவில் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். அதற்காக வயலில் ஸ்பீக்கர் வைத்து, நாய் குரைக்கிற சத்தம், வெடிச் சத்தம் எல்லாம் ஒலிக்க விடுவார்கள். பன்றிகளுக்கு அதெல்லாம் பழகிவிட்டதாம். புதுசாக ஏதாவது வேண்டுமாம். அதற்குத்தான் பெரியவர்! கடவுளைக் கூப்பிட்டுக் கதறின அந்த மனிதரைச் சோளக்கொல்லைப் பொம்மை ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தர மாட்டேன், அழித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். லூர்து அக்கா என் இடுப்பில் கிள்ளிவிட்டார். பன்றி ஓடினால் இடம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டு முத்துக்காளை அண்ணன் ஜீப் ஏறினார்.

நினைத்துப் பாருங்கள் சக பாவிகளே. உலகத்தில் எந்த விமர்சகருக்கும் கிடைக்காத அதிகாரம் பன்றிக்குக் கிடைத்தது. நான் என்ன வேண்டிக்கொள்வது? பன்றி ஓடட்டும் என்று வேண்டினால் பெரியவருக்குத் துரோகம். நிற்கட்டும் என்று வேண்டினால் கடை போய்விடும். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள், அந்தக் கழுதையிடம் யாரும் வாடகை இடத்தை ஒப்படைத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார். கண் சிவந்து, தூங்காத முகம். நேராகப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பன்றி ஓடிச்சாண்ணே என்று கேட்டேன். "மொதல்ல ஓடுச்சு. அப்புறம் பழகிருச்சு. நேத்து வந்து அந்தாளு ஊத ஊத நிம்மதியாத் தோண்டிட்டுப் போயிருச்சு" என்றார். லூர்து அக்கா அடுப்பை அணைத்துவிட்டார். எப்போது காலி செய்ய வேண்டும் என்று நானே கேட்டுவிடலாம், அவர் வாயால் வர வேண்டாம் என்று நினைத்தேன்.

"பன்னியை விடு" என்றார். "காவக்குடிசையில நாந்தான் கெடந்தேன். அந்தாளு கத்திக் கத்தித் தொண்டை கம்மிப் போயி, அதுக்கப்புறம் சின்னதா ஒண்ணு ஊதுறாருல்ல, ஒரு எடத்துல. அதைக் கேட்டா எந்திரிச்சுப் போகத் தோண மாட்டேங்குது. இந்த ஆளுக்கு என்ன நடந்துச்சு? இதுக்கு முந்துன தட்டு எது? அதைப் போடு."

சிவப்பைப் போட்டேன். கேட்டு முடித்துவிட்டு, இதற்கும் முந்தினது எது என்றார். அப்புறம்தான் பச்சை. அதாவது நான் இத்தனை காலமாகக் கட்டிக் காத்த வரிசையை ஒன்று விடாமல் தலைகீழாகக் கேட்டார். தூங்கவில்லை. ஃபோனை எடுக்கவில்லை. பச்சையில் முதல் வரிக்கு முன்னால் பெரியவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிற இடத்தில், தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்தேன். சந்தோஷப்படுவதா, இத்தனை நாள் பேசின பேச்செல்லாம் வீணா என்று கத்துவதா தெரியாமல் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். கிளம்பும்போது துண்டைச் சுற்றிக்கொண்டு, சாக்லேட்டுக்காரருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னார். ஏன் அண்ணே, பன்றிதான் ஓடவில்லையே என்று கேட்டேன்.

"பன்னிக்குப் பழகிருச்சு தங்கச்சி, எனக்கு இன்னும் பழகல."

எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த என் கடை, எதிலிருந்து ஆரம்பிக்கவே கூடாதோ அதிலிருந்து ஆரம்பித்த ஒரு மனிதரின் தயவில்தான் இன்றைக்கும் திறந்திருக்கிறது.